பூக்கட்டிப் பார்த்த அடுப்பு

நான் நர்ஸ் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் இதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் காதில் வாங்கவில்லை. தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பிரஷர் பார்க்கும் கருவி. அப்புறம் என்ன, நர்சம்மாதான். திண்டுக்கல்லில் விலங்கியல் படித்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வேலைக்குப் போனவள் நான். வேலை என்னவென்றால், அடுப்புப் புகையை அளப்பது.

"அளக்கப் போறியா? படியிலயா, பக்காவுலயா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"உங்க வாயிலருந்து வர்ற புகைய மொதல்ல அளக்குறேன், இருங்க" என்றேன். அன்றிலிருந்து மனுசன் சிகரெட்டை மொட்டை மாடிக்கு மாற்றிக்கொண்டார். என் வாய் அப்படி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா சொல்லுவாள். அந்த வாய்தான் இந்தக் கதை முழுக்க வரப்போகிறது.

ஆய்வு இதுதான். விறகடுப்பில் சமைக்கும் கர்ப்பிணிப் பெண்களில் பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் சும்மா கொடுப்போம். மீதிப் பாதிப் பேர் வழக்கம்போல விறகில் சமைப்பார்கள். இரண்டு பக்கத்திலும் அவர்கள் மூச்சில் போகும் புகையை அளப்போம், ரத்த அழுத்தம் பார்ப்போம், குழந்தை பிறந்ததும் எடை போடுவோம். யாருக்குக் கேஸ், யாருக்கு விறகு என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும்; ஒட்டிய கவருக்குள் சீட்டு இருக்கும், ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். விறகு விழுந்தவர்களுக்கும் கடைசியில் அடுப்பு உண்டு, ஆனால் ஆய்வு முடிய வேண்டும். இடையில் யாராவது சொந்தமாகக் கேஸ் வாங்கினால் தடுக்க மாட்டோம், வாங்கு என்றும் சொல்ல மாட்டோம்.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஊருக்குள் போனால்தான் தெரிந்தது. முதல் கிராமத்தில் விறகுச் சீட்டு வந்த ஒருத்தி அதைக் கிழித்து என் மேசை மேலேயே போட்டாள். "ஏம்மா, அவ வயித்துல இருக்கது பிள்ளை, என் வயித்துல இருக்கது பூசணிக்காயா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அவள் எழுந்து போனதும் பின்னாலேயே வரிசையாக எழுந்து போனார்கள். எங்கள் மேற்பார்வையாளர் நகரத்துப் பையன், நல்லவன்தான். ஆனால் பெண்கள் முன்னால் நின்று "சமவாய்ப்பு" என்று பேசினால் யார் கேட்பார்கள்? அவன் முகம் செத்துப்போயிருந்தது.

அடுத்த கிராமத்து அங்கன்வாடியில் அதே சண்டை கிளம்பியபோது நான் வாயைத் திறந்தேன்.

"இந்தாங்கத்தா, செத்த நேரம் உக்காருங்க. ஒரு காரியம் தொடங்குறதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல பூக்கட்டிப் பாப்போமா இல்லையா? வெள்ளைப் பூவு ஒரு பொட்டலம், செவப்புப் பூவு ஒரு பொட்டலம். சாமி முன்னாடி போட்டு எடுக்குறோம். வெள்ளை வந்தா சரி, செவப்பு வந்தா வேணாம். அதுக்காக சாமிகூட மல்லுக்கா நிக்கிறோம்? இதையும் அப்படி நெனைச்சுக்கங்க."

எழுந்தவர்களெல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கே ஆச்சரியம். சம்பந்தம் பேசுவதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூக்கட்டிப் பார்க்காமல் இந்தப் பக்கத்தில் பல குடும்பங்கள் அடி எடுத்து வைப்பதில்லை. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம். வந்ததை மீறக் கூடாது. மறுபடி கேட்கவும் கூடாது. நான் அதைச் சொன்னதுதான் தாமதம், ஒவ்வொருத்தியாக வந்து கவரை எடுத்துக்கொண்டு போனார்கள். விறகு வந்தவளும் முணுமுணுக்கவில்லை. மேற்பார்வையாளர் சாயங்காலம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். மற்ற ஊழியர்களையும் அப்படியே சொல்லச் சொன்னான். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை.

அந்தக் கவர்கள் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்தவை. சீட்டைக் கத்தரித்தது நான், மடித்தது நான், கோந்து தடவி ஒட்டியதும் நான். பக்கத்தில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது கிராமத்துக்கு அந்தப் பூப் பேச்சு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அங்கேதான் அவள் வந்தாள். மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போகிற பெண். புருசன் பூ மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறவன். அன்றைக்கு அவள் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை நுனியில் முடிந்து, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன தாயி, கோயிலுக்கா வந்துருக்க?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ வேண்டிக்கொண்டு, ஒரு கவரை எடுத்தாள். பிரித்தாள். விறகு.

சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சரிக்கா. உத்தரவு ஆயிருச்சு" என்றாள். அந்தச் சொல்லை நான் கேட்டேன். நன்றாகவே கேட்டேன். கேட்டுவிட்டு, "அடுத்து யாரு, வாங்க" என்றேன்.

அளக்கிற நாளில் பெண்கள் கையில்லாத ஒரு மேல்சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். அதன் பையில், நெஞ்சுக்குப் பக்கத்தில், சின்னக் கருவி ஒன்று இருக்கும். ஒரு நாள் முழுக்க டொர்ரென்று மெல்ல ஓடிக்கொண்டே காற்றை உறிஞ்சும். உள்ளே வெள்ளையாக ஒரு வட்டத் தாள். புகை அதில் படியும். இதை வைத்துக்கொண்டு எங்கள் பெண்கள் பண்ணிய கூத்து கொஞ்சமா! ஒருத்தி, வீடு புகைமூட்டமாக இருப்பதை வந்தவர்கள் பார்த்தால் கௌரவக் குறைச்சல் என்று அன்றைக்கு மட்டும் கடையில் பரோட்டா வாங்கித் தின்றாள். இன்னொருத்தி அது விலை உயர்ந்த சாமான் என்று சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். அந்தத் தாள் முழுக்கச் சாம்பிராணி.

அவள் ஒருத்திதான் சொன்னது சொன்னபடி செய்தாள். அந்த மேல்சட்டையைக் கழற்றவே இல்லை. தகரக் கூரை போட்ட சமையல் சாய்ப்பு, ஒரு பக்கம் மட்டும் ஒரு ஓட்டை. கவாத்து பண்ணிய மல்லிகைக் குச்சியும் வேலிக்கருவேல முள்ளும்தான் எரிப்பு. மழைக்கு நனைந்திருந்தால் அது எரியாது, புகைய மட்டும் செய்யும். படிவம் நிரப்பும் நேரம்கூட என்னால் உள்ளே உட்கார முடியாது. மூக்கும் கண்ணும் ஒழுகும். "நர்சக்கா அழுகுறாங்க பாரு" என்று அவள் சிரிப்பாள். சிரித்து முடிக்குமுன் இருமல் வந்துவிடும். வெஞ்சனத்தைக் கிளறிக்கொண்டே முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

இரண்டாவது தடவை போனபோது ஒரு விஷயம் சொன்னாள். கல்யாணமான புதிதில் புருசன் வீட்டில் போர்வெல் போடுவதற்குப் பூக்கட்டிப் பார்த்திருக்கிறார்கள். சிவப்பு வந்தது. மாமனார், "தண்ணி இல்லாம வெள்ளாமை எப்படி?" என்று மீறிப் போர் போட்டுவிட்டார். தண்ணீரும் வந்தது. அதே மாதம் அவளுக்கு ஐந்து மாதக் கரு கலைந்தது.

"சாமி சொன்னத மீறுனதுக்கு எம் பிள்ளையக் கேட்டுக்கிருச்சுக்கா. இந்தத் தடவ நான் ஒண்ணையும் மீற மாட்டேன். இது எனக்கு வேணும்" என்று வயிற்றில் கை வைத்துச் சொன்னாள்.

நான் "ம்" கொட்டிக்கொண்டு படிவத்தில் அடுத்த கேள்வியைப் படித்தேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அடுப்புப் பக்கம் இருப்பீர்கள்?

மறுநாள் கருவியைப் பிரித்து இடுக்கியால் அந்தத் தாளை எடுத்தேன். சோற்றுப் பானையின் அடி மாதிரி இருந்தது. அத்தனை கறுப்பான தாளை அதுவரை நான் பார்த்ததில்லை. அப்போது மனசுக்குள் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகா, நல்ல அளவு, சுத்தமாக எடுத்திருக்கிறோம் என்று நினைத்தேன். பத்திரமாக டப்பாவில் மூடி, எண் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. அது முடிந்து கொஞ்ச நாளில் அவள் புருசன் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்துவிட்டு வேனை நிறுத்தினான்.

"மேடம், ஒரு நிமிசம். மச்சான் சீரோட சேத்துக் கேஸ் அடுப்பு கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்காரு. சிலிண்டரும் இருக்கு. இவ பத்த வைக்கவே மாட்டேங்குறா. சாமி விறகுன்னு சொல்லிருச்சாம். ராவெல்லாம் இருமுறா மேடம். நாங்க சொன்னா ஏறல. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பா."

வேனில் பூ வாசத்தோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வீட்டு மூலையில் அடுப்பு புதுசாக நின்றது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். கும்பிட்டு வைத்திருக்கிறாள், பற்ற வைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். மூச்சு வாங்கியது.

"நீங்களே சொல்லுங்கக்கா. மாத்திக்கிரலாமா?" என்று கேட்டாள்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். தாயி, அது சாமி இல்லை, கோந்து ஒட்டின காகிதம், நான்தான் ஒரு பேச்சுக்கு அப்படிச் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் அரை நிமிசம் ஆகியிருக்குமா? ஆகியிருக்காது. ஆனால் இவளிடம் சொன்னால் ஊருக்கே தெரியும். மறுபடி பூசணிக்காய்ச் சண்டை. எல்லாக் கிராமத்திலும் நான் பொய்க்காரி. அத்தோடு, என் பட்டியலில் மிக ஒழுங்காக அளவு கொடுத்த வீடு இது. இது நடுவில் மாறுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. எந்தக் காரணம் முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று இத்தனை வருசம் கழித்தும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"உங்க விருப்பம் தாயி. இதச் செய்யி, அதச் செய்யாதன்னு நாங்க யாரையும் சொல்லக் கூடாது" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "அப்பச் சாமி சொன்னபடியே இருந்துக்கிறேன்" என்றாள். புருசன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஆனாலும் மரியாதைக்காரன். திரும்பவும் பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து விட்டான்.

குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. தகவல் வந்ததும் தராசை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். துணியை விரித்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிள்ளையை வைத்தேன். வைத்த மாதிரியே தெரியவில்லை. மூன்று தடவை எடை போட வேண்டும் என்பது முறை. மூன்று தடவையும் போட்டேன். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். படிவத்தில் எழுதினேன், அது போதும்.

"எம்புட்டு இருக்குக்கா?" என்று கட்டிலில் இருந்து கேட்டாள்.

"நல்லா இருக்கு தாயி. தேறிரும்."

ஒன்பதாம் நாள் அவள் புருசனிடமிருந்து போன் வந்தது. "மேடம், இனிமே எடை பாக்க வர வேணாம்" என்றான். நான் "ஏன்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் புரிந்தது. அந்த ஒரு சொல்லையும் என் வாய் விட்டுவைக்கவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். குறை மாதம், ரத்தசோகை, ஏற்கெனவே ஒரு கரு கலைந்தது என்று பல காரணங்கள் சொன்னார். ஒரு வீட்டை வைத்துப் புகைதான் என்று யாராலும் சொல்ல முடியாதும்மா, அதுக்குத்தானே இத்தனை வீட்டை அளக்குறீங்க என்றார். உண்மைதான். நானே அதைப் புதிய ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். அவள் கேஸில் சமைத்திருந்தாலும் பிள்ளை போயிருக்கலாம். இருந்திருக்கவும் செய்யலாம். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே நான் பாத்திரம் தேய்க்கிறேன், துணி காயப்போடுகிறேன்.

அப்புறம் ஒருநாள் மேற்பார்வையாளரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். ஒரு பெண் குலுக்கலைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் நாம் என்ன செய்யணும்? அவன் யோசிக்கவே இல்லை. "உடனே திருத்தணும்க்கா. அவங்களுக்குத் தெளிவாப் புரியணும்ல. அது நம்ம விதியிலயே முதல் பக்கத்துல இருக்கே" என்றான். ஏன் கேட்கிறீங்க என்றான். சும்மாதான் என்றேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருத்தியைக் கெடுத்தேன். பேசக் கூடாதபோது பேசினேன், பேச வேண்டியபோது வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் என்னை விடவில்லை. டொர்ரென்ற அந்த மெல்லிய சத்தம். ஃபிரிட்ஜ் ஓடினால் அதுதான் கேட்கும். பிள்ளைகள் போனில் ஏதாவது பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குள்ளிருந்தும் கேட்கும். பட்டப்பகலில், கூடத்தில் எல்லாரும் இருக்கும்போதே, என் நெஞ்சுப் பக்கத்தில் ஓடும். கையை வைத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. தோசை ஊற்றினால் அந்த வெள்ளை வட்டம் நடுவிலிருந்து கறுத்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். "அம்மா, கருகுது" என்று மகள் கத்துவாள். நிலக்கோட்டை பஸ்ஸில் அந்த ஸ்டாப் வரும்போது எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பேன். அங்கே அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். பிள்ளை மாதாமாதம் வளர்ந்துகொண்டே வந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

புதுக் கிராமங்களில் நான் குலுக்கல் என்று மட்டும் சொன்னேன். சண்டை போட்டார்கள், திட்டினார்கள், எழுந்து போனார்கள். போகட்டும் என்று விட்டேன். "என்னக்கா, முன்ன மாதிரி பேசுறதே இல்ல" என்றான் மேற்பார்வையாளர்.

ஆய்வு முடிந்தது. விறகு விழுந்த வீடுகளுக்கெல்லாம் அடுப்பு கொடுக்க வேண்டும். அவள் வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பலாம் என்று பட்டியலை நாலு தடவை மாற்றி எழுதினேன். கடைசியில் நானே வண்டியில் ஏறினேன்.

அவள் இளைத்திருந்தாள். ஆனால் "வாங்கக்கா" என்று சிரித்தாள். அந்த மூலை காலியாக இருந்தது. கண்ணில் பட்டால் வயிறு எரிகிறது என்று அவள் அண்ணன் தன் சீரைத் திரும்ப எடுத்துப் போய்விட்டாராம். விறகடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆள் அடுப்பையும் சிலிண்டரையும் இறக்கி மாட்டிவிட்டு வண்டிக்குப் போனான். அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்.

"இதுக்குப் பூக்கட்டிப் பாக்க வேணாமாக்கா?"

நக்கல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"தாயி, அன்னைக்கும் அது சாமி இல்ல. நான் எங்க வீட்டு மேசையில வச்சு மடிச்சு ஒட்டுன தாளு. எல்லாரும் சண்டை போடுறாங்களேன்னு ஒரு பேச்சுக்குப் பூவுன்னு சொன்னேன். மாத்திக்கிரலாமான்னு நீ எங்கிட்டக் கேட்டப்பவே இதச் சொல்லிருக்கணும். எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. சொல்லல."

அவள் திட்டுவாள், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"சாமி எடுத்துக்கிருச்சு, சாமி எடுத்துக்கிருச்சுன்னு சொல்லித்தாங்க்கா நான் இம்புட்டு நாளும் சோறு தின்னேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "சாமின்னா ஒரு வழியா மனசு ஆறிரும். இப்ப நான் யார்கிட்டப் போயி ஆத்துறது? எதுக்குக்கா இத எங்கிட்டச் சொன்னீங்க?"

என்னால் சுமக்க முடியவில்லை என்பதுதான் பதில். அதை அவளிடம் சொல்ல முடியுமா? வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். பற்ற வைத்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது முறை. எனக்குக் கை வரவில்லை. அவளே லைட்டரை என் கையிலிருந்து வாங்கினாள். குமிழைத் திருப்பச் சொன்னேன், திருப்பினாள். ஒரு சொடுக்கில் நெருப்பு வட்டமாக எழுந்தது. புகை இல்லை, சத்தமும் பெரிதாக இல்லை. அவள் குனிந்து அதையே பார்த்தாள்.

"இம்புட்டுத்தானாக்கா?" என்றாள்.